“எனக்கே இன்னும் வரலை!”

நந்திதுர்க் லைன் வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பணம் எங்கே நிற்கிறது? கேட்டு வாங்க என்ன வழி?

கோலார் தங்கவயலில் செய்த வேலைக்குப் பணம் கேட்டவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் பதில் ஒன்று உண்டு. “எனக்கே இன்னும் மேலேருந்து வரலை. வந்ததும் முதல்ல உனக்குத்தான்.” சுரங்கம் ஓடிய காலத்தில் இதைச் சொன்னவர் ஆள் சேர்த்துவிட்ட காண்ட்ராக்டர். சுரங்கம் மூடியபின் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் சொன்னார். இப்போது பெங்களூரில் ஏதோ ஒரு மாடியில் உட்கார்ந்திருக்கும் ‘கிளையன்ட்’ வாட்ஸ்அப்பில் சொல்கிறார், கூடவே கைகூப்பும் படம் ஒன்றையும் போட்டு.

நந்திதுர்க் என்பது இங்கே முதலில் ஒரு சுரங்கத்தின் பெயர். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1880-இல் இந்தப் பக்கம் கால் வைத்த பிறகு மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் வளர்ந்தன. அவற்றின் பெயர்களே பேட்டைகளுக்கும் நிலைத்துவிட்டன. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ச் சீமைகளிலிருந்து வந்த குடும்பங்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், லைன் வீடுகளில் குடியேறி மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கின. மொத்தம் சுமார் 800 டன் தங்கம் வெளியே போனது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி, பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. மறுநாளிலிருந்து ஊரின் பிழைப்பு ரயிலில் ஏறியது. மாரிகுப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன், உரிகம், கோரமண்டல், பங்காருப்பேட்டை என்று ஆட்களை அள்ளிக்கொண்டு பெங்களூர் போகிற ரயில்களில் இன்றைக்கும் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் கிளம்பி, இருட்டியபின் திரும்புகிறார்கள்.

அந்த ரயிலில் ஏறாமலே பெங்களூருக்கு வேலை செய்கிற ஒரு கூட்டமும் இப்போது வளர்ந்திருக்கிறது. லோகோ வரைகிறவர், கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர், ஆட்டோகேடில் வீட்டு பிளான் போடுகிறவர், வெப்சைட் கட்டுகிறவர், மொழிபெயர்ப்பவர். மொழிபெயர்ப்புக்கு இந்த ஊர் தோதான ஊர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடமும் தெலுங்கும், கான்வென்ட்டில் ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் வளர்ந்த பிள்ளைகள் இங்கே ஏராளம். இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கிடையாது. ஃப்ரீலான்சர் என்று பெயர். வேலை முடிந்ததும் பில் அனுப்ப வேண்டும், பணம் வரக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் இவர்களுடைய வாழ்க்கையின் பெரும்பகுதி கழிகிறது.

எப்படிக் கழிகிறது என்பதற்கு ஒரு வாட்ஸ்அப் உரையாடலே போதும். யாருடைய போனைத் திறந்தாலும் கிட்டத்தட்ட இதுதான் இருக்கும்.

“சார், ஃபைனல் ஃபைல் அனுப்பிட்டேன். பார்த்துட்டுச் சொல்லுங்க.”

“சூப்பர் தம்பி! செம ஒர்க்.”

“சார், பில் அனுப்பியிருக்கேன்.”

“பார்த்தேன் தம்பி. அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பிட்டேன்.”

“சார், பில் விஷயமா...”

“அக்கவுண்ட்ஸ் மேடம் லீவு. திங்கட்கிழமை பண்ணிடறோம்.”

“சார், குட் மார்னிங்.”

“தம்பி, எனக்கே பார்ட்டிகிட்ட இருந்து இன்னும் வரலை. வந்ததும் முதல் ஆள் நீதான். இன்னொரு சின்ன ஒர்க் இருக்கு, நீதான் பண்ணணும்.”

அதற்கப்புறம் வெறும் ‘சார், குட் மார்னிங்’ மட்டும் போய்க்கொண்டிருக்கும். நீல டிக் விழும், பதில் வராது. கடன் கொடுத்தவர் கூனிக் குறுகிக் கேட்கிறார், கடன்பட்டவர் பெருந்தன்மையோடு தவணை சொல்கிறார். எனக்கு ஆத்திரம் வருவது தராத பணத்தைப் பற்றிக்கூட இல்லை, இந்தத் தலைகீழ் மரியாதையைப் பற்றித்தான். முடித்துக் கொடுத்த வேலைக்கான பணம் கடன். கேட்பவர் யாரிடமும் உதவி கேட்கவில்லை.

அடுத்த வேலை போய்விடுமோ

ஏன் அழுத்திக் கேட்பதில்லை என்று விசாரித்தால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “கேட்டா அடுத்த வேலை வராது. நாலு பேர்கிட்ட நம்மளைப் பத்தித் தப்பாச் சொல்லிடுவாங்க.”

இந்தப் பயம் தங்கவயலுக்குப் புதிதல்ல. 1930-இல் சுரங்க நிர்வாகங்கள் தொழிலாளிகளின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்ய முற்பட்டன. ஒரு சுரங்கத்தில் தகராறு செய்தவன் என்று பெயர் விழுந்தால் மற்ற சுரங்கங்களிலும் கதவடைக்க இது வழி என்று தொழிலாளிகள் புரிந்துகொண்டார்கள். பெரும்பான்மையினர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான், ஆனால் அந்தக் காகிதம் தங்களை என்ன செய்யும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வேலையை நிறுத்தினார்கள். போலீஸ் சுட்டது. அவர்கள் பின்வாங்கவில்லை. பிறகு 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் கே.எஸ்.வாசன் போன்றவர்கள் காலத்தில் சங்கம் வேரூன்றியது. 1946 நவம்பர் 4-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இன்றும் அந்த நாளில் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

அந்தத் தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று “சார், குட் மார்னிங்” அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களுக்குத் துணிவு குறைந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. தாத்தா கேட்டபோது பக்கத்தில் ஆயிரம் பேர் நின்றார்கள். பேரன் தன் அறையில் தனியாக உட்கார்ந்து கேட்கிறான். பக்கத்துத் தெருவில் இன்னொருவருக்கும் அதே ஆள் பணம் தர வேண்டியிருப்பது இவனுக்குத் தெரியாது.

நடுவில் ஒரு ஆள்

“எனக்கே வரலை” என்ற பதில் எவ்வளவு பெரிய இடத்தில் செல்லுபடியாகும் என்பதை இதே கோலார் மாவட்டம் 2020-இல் பார்த்தது. பெங்களூர்–கோலார் நெடுஞ்சாலையில் நரசாபுரா தொழிற்பேட்டை. அங்கே தைவானின் விஸ்ட்ரான் நிறுவனம் ஐபோன் தயாரித்துக்கொண்டிருந்தது. டிசம்பர் 12, சனிக்கிழமை அதிகாலை. இரவு ஷிஃப்ட் முடித்து வெளியே வந்தவர்களின் கோபம் வெடித்தது. கண்ணாடிகள் நொறுங்கின, வண்டிகள் கவிழ்ந்தன, நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

முதல் இரண்டு நாள் செய்தி முழுக்கச் சேதக் கணக்குதான். நானூறு கோடிக்கு மேல் என்று நிறுவனத்தின் புகாரில் இருந்தது, பின்னால் அது பல மடங்கு குறைந்தது. சம்பளக் கணக்கு மெதுவாகத்தான் வெளியே வந்தது. வேலைக்குச் சேரும்போது 21,000 ரூபாய் என்று சொன்னார்கள், கைக்கு வந்தது 16,000, அதன்பின் 12,000 என்றார்கள் பொறியியல் படித்த இளைஞர்கள். எட்டு மணி நேர ஷிஃப்டைப் பன்னிரண்டாக்கியிருந்தார்கள். ஓவர்டைம் கணக்கு சரியில்லை. வருகைப் பதிவு இயந்திரம் பழுதாகியும் சரிசெய்யப்படவில்லை. மாநில அரசின் தொழிற்சாலைகள் துறை ஆய்வு செய்து, சட்டமீறல்கள் நடந்திருப்பதை உறுதிசெய்தது. ஒரு வாரத்தில் விஸ்ட்ரானே, சிலருக்குச் சம்பளம் சரியாகவோ உரிய நேரத்திலோ போகவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியப் பிரிவைக் கவனித்த துணைத் தலைவரை நீக்கியது. ஆப்பிள் அந்த நிறுவனத்துக்குப் புது ஆர்டர் தருவதை நிறுத்தி வைத்தது. 2023-இல் அந்த ஆலை டாடா கைக்கு மாறியது.

அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் விஸ்ட்ரானின் நேரடி ஊழியர்கள் அல்லர். அரை டஜன் ஏஜென்சிகள் வழியாக வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். கம்பெனியைக் கேட்டால் ஏஜென்சியைக் கை காட்டும், ஏஜென்சியைக் கேட்டால் கம்பெனியிலிருந்து பணம் வரவில்லை என்பார்கள். செய்த வேலை ஐபோனாக உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. கூலி மட்டும் வழியில் எங்கோ நின்றுவிட்டது.

வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. அதில் சிறைக்குப் போய், வேலையும் இழந்தவர்கள் அந்த ஏழைப் பிள்ளைகளேதான். ஆனால் இந்த ‘நடுவில் ஒரு ஆள்’ சிக்கலுக்கு 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே பதில் எழுதி வைத்திருந்தது. காண்ட்ராக்டர் கூலி தரத் தவறினால் முதன்மை முதலாளி அதைக் கொடுத்துவிட்டு, பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். ‘எனக்கே வரலை’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. சட்டம் இருந்தும் கேட்டுப்பெற ஆளில்லாததால் வந்த வினைதான் நரசாபுரா.

ஃப்ரீலான்சருக்கோ அந்தச் சட்டமும் இல்லை. அவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி அல்ல, சேவை விற்கும் வியாபாரி. தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனால் “இது எங்களுக்கு வராது” என்பார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் “சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க” என்பார்கள். ஏமாற்றும் நோக்கம் ஆரம்பத்திலேயே இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் மோசடி வழக்கு நிற்கும். நியூயார்க் நகரத்தில் ஃப்ரீலான்சர்கள் சங்கமாகத் திரண்டு 2016-இல் தங்களுக்கென்றே ஒரு சட்டம் வாங்கினார்கள். 800 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்துமூல ஒப்பந்தம் கட்டாயம், தேதி குறிப்பிடாவிட்டால் வேலை முடிந்து 30 நாளில் பணம், தராவிட்டால் இரண்டு மடங்கு இழப்பீடு. நமக்கு அப்படியொரு சட்டம் இல்லை.

வியாபாரி என்றால் வியாபாரியாகவே கேளுங்கள்

ஆனால் வியாபாரி என்று சொல்லிவிட்டதால் வேறொரு கதவு திறக்கிறது. ஊரில் பலருக்கு அது தெரியாது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006. தொழில் என்றதும் பட்டறை, லேத் என்று நினைத்துவிடுகிறோம். ஒரே ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு டிசைன் செய்கிறவரும் இதன்படி குறுந்தொழில்தான். அரசின் ‘உத்யம்’ இணையத்தளத்தில் ஆதாரும் பான் எண்ணும் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். காசு கிடையாது. காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது போலி.

பதிவு இருந்தால் என்ன ஆகும்? வேலையை வாங்கியவர், ஒப்பந்தத்தில் என்ன தேதி எழுதியிருந்தாலும், ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தேதியே எழுதவில்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி.

ஏற்றுக்கொண்ட நாள் எது என்பதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். “இன்னும் நாங்க அப்ரூவ் பண்ணலையே” என்று கிளையன்ட் மாதக்கணக்கில் இழுப்பார். சட்டத்தில் அதற்கும் பதில் இருக்கிறது. வேலையை ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகக் கருதப்படும். அதனால் ஃபைலை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. “இன்ன தேதியில் இன்ன வேலையை முடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்” என்று ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். அந்த நான்கு வரிகளுக்கு, நாற்பதாயிரம் ரூபாய் பில்லைவிடக் கூடுதல் மதிப்பு உண்டு.

தராதவர்மேல் மாநிலத்தின் வசதியாக்க மன்றத்தில் மனுப் போடலாம். அரசின் இணையத்தளம் வழியாக வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். கிளையன்ட் மும்பையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், வேலை செய்தவர் இருக்கும் மாநிலத்தின் மன்றமே விசாரிக்கலாம் என்பது இதிலுள்ள பெரிய வசதி. முதலில் சமரசம் பேசுவார்கள், ஒத்துவராவிட்டால் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்துப் போக நினைக்கும் கிளையன்ட், தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். சட்டம் 90 நாள் என்கிறது. நடைமுறையில் அதற்குள் முடிவது அரிது, அந்த நம்பிக்கையோடு யாரும் போக வேண்டாம். ஆனால் மனுப் போட்டதற்கு மன்றத்திலிருந்து ஒரு நோட்டீஸ் கம்பெனியின் கணக்காளர் மேசைக்குப் போனாலே பல பில்கள் நகர்ந்துவிடும்.

அந்தக் கணக்காளருக்கு 2024 ஏப்ரலிலிருந்து இன்னொரு தலைவலியும் சேர்ந்திருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்தை உரிய நாளுக்குள் தராவிட்டால், தரும்வரை அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே பில்லின் மேலேயே உத்யம் எண்ணைப் போட்டுவிடுங்கள். நீங்கள் கெஞ்சினால் கேட்காதவர், ஆடிட்டர் சொன்னால் கேட்பார்.

இரண்டு எச்சரிக்கைகள். வேலை முடித்தபின் அவசரமாக உத்யம் பதிவு செய்தால் பழைய பில்லுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பக் கூடாது. பின்தேதிக்குப் பலன் இல்லை என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்றே பதிவு செய்துவிடுவது நல்லது. பெயின்டிங், எலெக்ட்ரிகல், கட்டட வேலை என்று பொருளும் கூலியும் சேர்த்து ஒப்பந்தம் எடுக்கிறவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி பேசவில்லை. அவர்கள் வக்கீலிடம் கேட்டுக்கொண்டு இறங்குவது நல்லது.

சின்னத் தொகைக்கு, அதாவது ஐயாயிரம், எட்டாயிரத்துக்கு, இவ்வளவு தூரம் போக முடியுமா என்று கேட்பீர்கள். அதற்கு லோக் அதாலத் இருக்கிறது. வழக்குப் போடுவதற்கு முன்பே சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து எதிர்த்தரப்பை அழைக்கச் சொல்லலாம். கோர்ட் ஃபீஸ் கிடையாது. அங்கே ஏற்பட்ட உடன்பாடு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமாக வக்கீல் வைத்துத்தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தங்கவயலில் எத்தனை வீடுகளுக்கு இது பொருந்தும் என்று எண்ணிப் பாருங்கள். வக்கீல் வைக்கக் காசில்லை என்று விட்டுவிட்ட பில்கள் எத்தனை இருக்கும்!

காலக்கெடு மூன்று ஆண்டுகள். அதற்குள் கிளையன்ட் “பாக்கி இருக்கிறது, தருகிறேன்” என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால், அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். போனில் சொல்கிறவரை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணையும் பார்த்துவிடுங்கள். சில கம்பெனிகள் உங்களுக்குப் பணம் தராமலே, தந்ததாகக் கணக்கெழுதி வரிப்பிடித்தமும் கட்டியிருக்கும். அந்தப் பதிவு, அவர்களே உங்கள் வேலையை ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு வலுவான சாட்சி.

வெளிநாட்டுக் கிளையன்ட் விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. துரத்திப் பிடிக்க முடியாது, அட்வான்ஸ் வாங்காமல் தொடாதீர்கள்.

கையில் பிடி இருக்கட்டும்

சட்டம் எல்லாம் வேலை முடிந்தபிறகு. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதை நம் கல்யாண போட்டோகிராபர்கள் நன்றாகவே அறிவார்கள். அட்வான்ஸ் இல்லாமல் கேமராவைத் தூக்க மாட்டார்கள். கல்யாண நாளன்று ஒரு பங்கு வாங்கிவிடுவார்கள். ஆல்பத்தை, பேலன்ஸ் வந்தபிறகுதான் கையில் கொடுப்பார்கள். பென்டிரைவை முதலில் கொடுத்துவிட்டவருக்குப் பேலன்ஸ் வருவது கல்யாணப் பெண்ணுக்கு வளைகாப்பு நடக்கும்போதுதான்.

தமிழ் சினிமாவிலும் இதுவே நடக்கிறது. கேமராமேன் முதல் லைட்மேன் வரை அங்கே ஏறக்குறைய எல்லாருமே படத்துக்குப் படம் வேலை பார்க்கும் ஆட்கள்தான், மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். பாக்கியைத் தீர்க்காமல் டப்பிங் பேச வர மாட்டேன் என்று நடிகர் சொல்வது சினிமாவில் எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். அப்படிச் சொல்ல முடியாத கடைநிலைத் தொழிலாளிக்காகப் பெப்சி என்ற சம்மேளனமும் அதன்கீழ் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சங்கமும் நிற்கின்றன. ஒரு தயாரிப்பாளர் பாக்கி வைத்தால் அவருடைய அடுத்த படப்பிடிப்புக்கு ஆள் போவது நின்றுவிடும் என்ற பயமே பாதி வசூலைச் செய்துவிடுகிறது.

டிசைனருக்கும் எழுத்தாளருக்கும் மென்பொருள் எழுதுபவருக்கும் இப்படியொரு பிடி சட்டத்திலேயே இருக்கிறது. வெளியாளாக இருந்து எழுதியவர், டிசைன் செய்தவர், மென்பொருள் எழுதியவர், கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்காதவரை அந்தப் படைப்பின் உரிமை பொதுவாக அவரிடமே இருக்கிறது. பணம் தராமல் பயன்படுத்தினால் அது பதிப்புரிமை மீறல். போட்டோ, வீடியோ, ஓவியம் போன்றவற்றுக்குச் சட்டம் வேறு மாதிரி. பணம் தருவதாகச் சொல்லி எடுக்கவோ வரையவோ சொன்னவருக்கே உரிமை போய்விடும், வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய. அதனால் “முழுப் பணம் வந்து சேர்ந்தபிறகே உரிமை மாறும்” என்ற ஒரு வரியை எல்லாருமே ஒப்புதல் மெயிலில் போட வேண்டும், கேமரா வைத்திருப்பவர்கள் கட்டாயமாக.

முந்தைய பாக்கி தீராமல் அடுத்த வேலையைத் தொடக் கூடாது என்பதை நான் புதிதாகச் சொல்லவில்லை. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இதைத்தான் செய்தது. தங்கவயலில் குவிந்து கிடக்கும் சயனைடு மண் மேடுகள் பதின்மூன்றிலிருந்து, ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில், மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு அது ஒப்புதல் தந்தது. கூடவே பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மாநிலத்துக்குத் தர வேண்டிய 75 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்ற நிபந்தனையையும் வைத்தது. மாநில அரசே அப்படிக் கேட்கும்போது ஒரு டிசைனர் கேட்டால் மட்டும் அது எப்படி மரியாதைக் குறைவாகும்?

அதே நிறுவனத்தில் உடம்பைத் தேய்த்த தொழிலாளர்களுக்கு அப்படியொரு பிடி வாய்க்கவில்லை. சுரங்கம் மூடியபோது அறிவித்த சிறப்புத் தொகுப்பில் இன்னும் பாக்கி இருக்கிறது என்று கேட்டுக்கேட்டு, வீட்டுப் பட்டாவுக்கும் நடந்துநடந்து, சிலிகோசிஸ் அரித்த நுரையீரலோடு பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சுரங்கத்தை என்ன செய்வது என்ற வழக்கு மட்டும் 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போனது. வேலை நடக்கும்போது ஆயிரக்கணக்கில் நின்று கேட்டவர்கள், வேலை நின்றபின் ஒவ்வொருவராகக் கேட்க வேண்டியதாயிற்று. தனித்தனியாகக் கேட்கிறவனைக் காக்க வைப்பது அரசுக்கும் எளிது, கம்பெனிக்கும் எளிது.

அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன், நந்திதுர்க் என்று பிரிந்து கிடக்கும் டிசைனர்களும் எடிட்டர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே கூரையின்கீழ் உட்காருங்கள். இந்த ஊரில் சங்கக் கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை, கேட்டால் இடம் தருவார்கள். உங்களைப்போன்ற படித்தவர்களுக்குச் சங்கம் எதற்கு என்று யாராவது சொன்னால், பெங்களூரில் ஐ.டி. ஊழியர்களுக்கு 2017-லேயே சங்கம் பதிவாகியிருப்பதைச் சொல்லுங்கள். யார் யாருக்கு எந்தக் கிளையன்ட் எவ்வளவு தர வேண்டும், எத்தனை மாதமாக என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதை முகநூலில் போட்டு மானநஷ்ட வழக்கை விலைக்கு வாங்க வேண்டாம், உங்களுக்குள் வைத்திருங்கள். ஒரே பெயர் மூன்று பேரிடம் வந்தால் மூன்று பேரும் ஒரே நாளில் நோட்டீஸ் அனுப்புங்கள். தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்க ஒப்பந்தப் படிவம் ஒன்று தயாரித்து எல்லாரும் அதையே பயன்படுத்துங்கள். அட்வான்ஸ் பாதி, கெடு 15 நாள், முழுப் பணம் வந்தபின் உரிமை, தாமதத்துக்கு வட்டி, இதற்கு மேல் அதில் எதுவும் வேண்டாம். மொழிபெயர்க்க ஆள் தேட வேண்டியதில்லை, அந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள்.